போயிடுச்சார்

கடைசியாக நீங்கள் எப்போது “போயிடுச்சு” என்று சொன்னீர்கள்? கரண்ட் போனதைக் கேட்கவில்லை. மானம் போனதையும் கேட்கவில்லை, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. கடைக்காரர் முகத்துக்கு நேரே போனை நீட்டி, அதில் என்ன இருக்கிறது என்று அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பொருளை எடுத்துப் பையில் போட்டபடியே “போயிடுச்சு சார்” என்று சொன்னீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இந்த இனத்துக்கு நான் போயிடுச்சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். “போயிடுச்சு சார்” என்பதை அவர்கள் சொல்கிற அவசரத்தில் சொன்னால் காதில் அப்படித்தான் விழும். மரியாதைக்கு ஒரு ‘ஆர்’ விகுதியும் செலவில்லாமல் கிடைத்துவிட்டது.

போயிடுச்சார் வீட்டை விட்டுக் கிளம்புகிற அழகே தனி. பழைய மனிதர்கள் பின்பாக்கெட்டைத் தட்டுவார்கள், சாவியைத் தேடுவார்கள், சில்லறை இருக்கிறதா என்று மனைவியைக் கேட்பார்கள். இவர் பர்ஸ் என்ற பொருளையே அலமாரிக்குள் அனுப்பிவிட்டார். வங்கி அட்டையும் அதற்குள்தான் கிடக்கிறது. அதன் ரகசிய எண் இப்போது அவருக்கே ரகசியம். கையை வீசிக்கொண்டு தெருவில் இறங்குகிறார். சுதந்திர மனிதர்! அந்தச் சுதந்திரத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: போனில் சார்ஜ் இருக்க வேண்டும். சிக்னலும் இருக்க வேண்டும். அப்புறம், எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில் ஏதோ ஒரு பெட்டி தூங்காமல் விழித்திருக்க வேண்டும். கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது அவர் குடும்ப விஷயம்.

நோட்டைக் கண்டால் முகம் சுளிப்பார். “யாருங்க இந்தக் காலத்துல போய் காசத் தூக்கிக்கிட்டு அலையறாங்க? ஒரு நோட்டுல எவ்வளவு கிருமி இருக்கு தெரியுமா?” கிருமிகளைப் பற்றி இந்தப் பிரசங்கத்தைச் செய்பவர், கழிப்பறைக்குள் கூடப் பிரியாத தன் போனைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு செய்கிறார்.

ஒருநாள் முடி வெட்டும் கடையில் எனக்கு முன்னால் ஒரு போயிடுச்சார் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்தது. கழுத்துத் துணியை உதறியாயிற்று. அவரும் போனை நீட்டி இழுத்தாயிற்று.

“வரலையே அண்ணே” என்றார் கடைக்காரர்.

“எனக்குப் போயிடுச்சே.”

“உங்களுக்குப் போச்சு, எனக்கு வரல. அப்ப நடுவுல எங்க நிக்குது?”

“அது… சர்வர்ல இருக்கும்.”

“ஓட்டல்ல சர்வர் காசை எடுத்தா முதலாளிகிட்டச் சொல்லலாம். இந்த சர்வர் எடுத்தா நான் யார்கிட்டண்ணே போறது?”

“காலையிலிருந்தே டவுன்.”

“உங்களுக்கென்ன, போன காசு திரும்பி வந்துடும். நான் வெட்டுன முடியத் திரும்பி ஒட்ட முடியுமா?”

போயிடுச்சார் வாசலுக்கு வந்து போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். கிழக்கே திரும்பினார். கண்ணைப் பாதி மூடினார். திரையில் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த என்னை, “தொடாதீங்க, தொட்டா போயிடும்” என்று அதட்டினார். இவர் யார் தெரியுமா? நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற சித்தப்பாவை மூடநம்பிக்கைக்காரர் என்று குடும்பத்தின் நடுவே கேலி செய்பவர். பூனை குறுக்கே போனால் அதற்குக் கேலியாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடப்பவர். பகுத்தறிவுக்கு இவரிடம் குறைவே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கோ இருக்கிறது, அது நல்ல மனநிலையில் இருந்தால் நமக்கு நல்லது நடக்கும், நடக்காவிட்டால் காரணம் கேட்கக் கூடாது என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் நம்புகிறார். சித்தப்பாவும் இதைத்தானே ஐயா சொல்கிறார்?

போன் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அறிவியல் கையில் வந்து சேர்ந்ததைக் குறை சொல்ல நான் பைத்தியமா? பணம் நொடியில் போய்ச் சேர்வது அற்புதமான விஷயம், போய்ச் சேரும்போது. போய்ச் சேராத பணத்தைப் போய்விட்டதாகச் சொல்லும் வாய் மேல்தான் என் வழக்கு.

ஒவ்வொரு போயிடுச்சாருக்கும் ஒரு மச்சான் உண்டு. ‘பழைய ஆளு’ என்று இவர் கேலி செய்யும் அந்த மச்சானின் சட்டைப் பையில் எப்போதும் நோட்டு இருக்கும். அதனால் எங்கே போனாலும் இவர் அவரை விடாமல் கூட்டிப் போவார்.

“மச்சான், இப்பக் குடுத்துடுங்க, நான் உங்களுக்கு அனுப்பிடறேன்.”

“மாப்ள, நீ போன தடவை அனுப்புனதே இன்னும் வழியில வந்துக்கிட்டிருக்கு.”

மனைவிமார்கள் புத்திசாலிகள். ஒரு போயிடுச்சார் வீட்டம்மா, ஒரு நோட்டை நான்காக மடித்து, அவர் போனுக்கும் அதன் கண்ணாடி உறைக்கும் நடுவே செருகி வைத்தார். 

“என்னது இது?”

“பணம்.”

“எதுக்கு?”

“நீங்க வீடு வந்து சேர்றதுக்கு.”

இதைவிட அவமானம் ஓர் ஆணுக்கு உண்டா? கோபப்பட்டார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார், அப்புறம் இழுத்து வைத்துச் சாப்பிட்டார். நோட்டை மட்டும் எடுக்கவில்லை. “எமர்ஜென்சிக்கு இருக்கட்டும்” என்றார். இன்று நீங்கள் எந்தப் போயிடுச்சாரின் போனைத் திருப்பினாலும் உறைக்குள் அப்படி ஒரு நோட்டு அமுங்கிக் கிடக்கும். எமர்ஜென்சி என்பது எப்போது வரும் என்றுதான் அவர்கள் யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதுவரை சிரித்தோம். இனி ஒரு பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம், அலுவலகம் போகும் நேரம். மேல் கம்பியைப் பிடித்தபடி நான் தொங்கிக்கொண்டிருந்தேன். என் முன்னால் நீலச் சட்டை போட்ட ஒரு போயிடுச்சார். அந்தத் தடத்தில் பல வருஷமாக வரும் நடத்துநர் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் அக்கா. போனில் பணம் கட்டுவதற்கான கட்டம் போட்ட அட்டை அவர் தோள்பையில் தொங்கும். பணம் வந்தால் கையிலிருக்கும் மெஷின் தானே டிக்கெட்டைத் துப்பும். வராவிட்டால் துப்பாது.

நீலச் சட்டை போனை அட்டையில் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பஸ் ஒரு பாலத்துக்கு அடியில் புகுந்தது. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

“போயிடுச்சு மேடம்.”

“மெஷின்ல வரல சார்.”

“போயிடுச்சுங்க, பாருங்க!” நீட்டினார். இழுத்தார்.

“வந்தாத்தான் டிக்கெட் வரும். காசா இருந்தாக் குடுங்க. அது அப்புறமா வந்துச்சுன்னா இதத் திருப்பித் தந்துடறேன்.”

“நான் காசு வச்சுக்கறதே இல்ல.”

அக்காவின் பார்வை போனின் முதுகுக்குப் போனது. “அப்ப பின்னாடி மடிச்சு வச்சிருக்கறது என்ன சார், சாமி படமா?”

பஸ்ஸே சிரித்தது. நீலச் சட்டை சிரிக்கவில்லை. “அது எமர்ஜென்சிக்கு.”

“டிக்கெட் இல்லாம நிக்கறது எமர்ஜென்சி இல்லையா? சரி சார், நில்லுங்க. வந்ததும் தரேன்.” முன்பக்கம் கூட்டம் ஏறியது. அக்கா அங்கே நகர்ந்தார். அவர் செய்த தவறு இது ஒன்றுதான். ஒரு மனிதரை நடுவழியில் இறக்கிவிடாமல் நம்பினார்.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர் நீலச் சட்டையிடம் கையை நீட்டினார்.

“அனுப்பிட்டேன் சார். போயிடுச்சு. அவங்கதான் டிக்கெட் தரல.”

போன் நீண்டது, திரும்பியது. பரிசோதகரும் தலையாட்டிவிட்டார். அவர் கண்ணுக்கு நீட்டிய கையின் தேய்த்த சட்டை தெரிந்ததே தவிர, சுற்றுகிற சக்கரம் தெரியவில்லை.

“நீங்க போங்க சார், உங்க மேல தப்பில்ல” என்றார் இவரிடம். பிறகு அக்காவிடம் திரும்பினார். “ஏம்மா, காசு வாங்கிக்கிட்டு டிக்கெட் குடுக்க மாட்டியா?”

“மெஷினப் பாருங்க சார். வரவே இல்ல.”

“உன் சொந்த நம்பருக்கு வந்திருக்கும். வேற அட்டையக் காட்டியிருப்பே. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!”

கவனித்தீர்களா? டிக்கெட் இல்லாமல் நின்றவருக்கு ‘நீங்க’. காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்தவருக்கு ‘நீ’. ஒருவர் கையில் விலை உயர்ந்த போன் இருந்தால் அவர் சொல்வது சாட்சியம். ஒருவர் தோளில் காக்கிப் பை இருந்தால் அவர் சொல்வது சாக்கு. இந்தச் சட்டத்தை எழுதியவன் எவன்? எவனும் எழுதவில்லை. எழுதாததால்தான் அதைக் கிழித்துப் போடவும் முடியவில்லை.

நானும் இன்னும் சிலரும் குரல் கொடுத்தோம். “எல்லாம் டிப்போவுல வந்து சொல்லுங்க” என்று பரிசோதகர் புகாரை எழுதி முடித்துவிட்டார். டிக்கெட் கொடுக்க மறந்தால் எச்சரிக்கையோடு போகும். கட்டணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் தராதது என்றால் அது திருட்டு. அன்றே அக்காவின் கையிலிருந்து மெஷினை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீலச் சட்டைக்காரர் அதற்குள் தன் நிறுத்தத்தில் இறங்கி, கையை வீசிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார். போயிடுச்சார் போய்விட்டார்.

நாங்கள் டிப்போவுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. “நீங்க பார்த்தீங்க, சரி. பணம் எந்தக் கணக்குக்குப் போச்சுன்னு பார்த்தீங்களா? எங்க கணக்குல வரல. அந்தம்மா கணக்குக்குப் போயிருக்குன்னு பரிசோதகர் சொல்றார், போகலன்னு அந்தம்மா சொல்றாங்க. யாருக்கு அனுப்புனார், போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு அந்த ஆள் போன்ல இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில விசாரணை. அவர் வந்து அதக் காட்டுனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். வரலன்னா எழுதுனது எழுதுனதுதான்.”

“அந்த ஆள் யாருன்னு தெரியாதே சார்?”

“எனக்கும் தெரியாதே.”

அக்கா வெளியே, பழுதாகி நின்ற ஒரு பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “என்னக்கா, வேலை… போயிடுச்சா?”

“இன்னும் போகலப்பா. வரவும் இல்ல.” விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். “சுத்திக்கிட்டிருக்கு.”

எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது கொஞ்சம் யோசிப்போம். நான் போனுக்குள் புகுந்து பார்க்கவில்லை, புத்தியைக் கொண்டு பார்க்கிறேன். அந்தப் பெண்ணை அந்தத் தடத்தில் பார்க்கிற எவரும் அவர் வேறு அட்டை காட்டியதைப் பார்த்ததில்லை. அன்றும் அவர் தோளில் ஒரே அட்டைதான் தொங்கியது. அது டிப்போவின் அட்டை. டிப்போ கணக்கில் பணம் வரவில்லை. அப்படியானால் போன பணம் எங்கே போயிருக்கும்? கிளம்பின வீட்டுக்கே திரும்பியிருக்கும். அன்று சாயங்காலமோ மறுநாளோ நீலச் சட்டைக்காரரின் போன் ‘டிங்’ என்றிருக்கும். ‘உங்கள் பணம் உங்கள் கணக்கில் திரும்பச் சேர்க்கப்பட்டது.’ அவரும் படித்திருப்பார். “அப்பாடா, வந்துடுச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குத் தள்ளியிருப்பார். அந்த ‘வந்துடுச்சு’க்குப் பின்னால் ஒரு பெண்ணின் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

நான் சொல்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களைச் சிரிக்க வைத்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீங்கள் இதைப் போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி உறைக்குள் நான்காக மடித்த நோட்டு ஒன்று தெரிகிறதா? அலமாரியில் நீலச் சட்டை இருக்கிறதா? போன வாரம் பாலத்துக்கு அடியில் போகும் பஸ் எதிலாவது ஏறினீர்களா? “நான் அவர் இல்லை” என்று உடனே சொல்லாதீர்கள். திரையைப் பார்க்காமல் சொல்வதுதான் உங்கள் இனத்தின் குணமே. பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள்.

இருந்தால், வெள்ளிக்கிழமை காலை டிப்போவுக்கு வாருங்கள். அந்த அதிகாரி முன்னால் போனை நீட்டுங்கள். இந்த ஒரு முறை வெடுக்கென்று இழுக்காமல், அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்து முடிக்கும் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். வலிக்கும். அக்கா நாள் முழுக்க மெஷினைத் தூக்கிப் பிடித்த கையைவிட அதிகமாக வலிக்காது.

டிப்போவுக்குப் பஸ்ஸில்தான் வர வேண்டும். வழியில் அந்தப் பாலம் இருக்கிறது. உறையைக் கழற்றி அந்த நோட்டை எடுங்கள், கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். எமர்ஜென்சி வந்துவிட்டது.