கறுப்புப் பட்டைக்கு எதிராக ஒரு தீர்மானம்

அடுத்தவர் வீட்டு டிவி ரிமோட்டைக் கேட்காமல் எடுக்கும் உரிமை தனக்குப் பிறவியிலேயே உண்டு என்று நம்பிய மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி எங்கள் ஊருக்கே வந்து வாய்த்தார்.

ஆப்பரேட்டர் என்றால்தான் அவரைத் தெரியும். வாக்குச்சாவடியில் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் வரிசையில் நிற்கிற எல்லாரும் யாரென்று திரும்பிப் பார்ப்பார்கள், அவர் உட்பட. முப்பது வருடம் எல்லையோரக் கொட்டகையில் படம் ஓட்டியவர். கொட்டகையை மூடித் தேங்காய்க் கிட்டங்கி ஆக்கிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. ஊரில் எந்த வீட்டில் டிவி ஓடினாலும் அது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இடுப்பில் எப்போதும் ஒரு தையல் டேப் இருக்கும். "வட்டமான சாமான் வட்டமா இருக்கோணுமுங்க. இல்லீன்னா படம் தப்பு" என்பது அவருடைய சித்தாந்தம். தோப்புக்காரர் பழனிச்சாமியின் அண்ணன் இறந்து துக்கம் விசாரிக்கப் போனோம். மூலையில் யாரோ அணைக்க மறந்த டிவியில், சத்தமில்லாமல் ஒரு பழைய படம். அதில் மாட்டு வண்டி வந்தது. ஆப்பரேட்டர் எழுந்துபோய் டேப்பை வைத்து அளந்தார்.

"குறுக்க பதினொண்ணு, நெடுக்க எட்டு. ஏனுங்க, இது சக்கரமா, முட்டையா? சதுரப் படத்த இப்பிடி இழுத்து உட்டிருக்கறீங்களே, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? பூசணிக்காயாட்டம் ஆயிருச்சே!"

துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த பழனிச்சாமி, துண்டுக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், ஊருக்கெல்லாம் 'மாஷ்'. ஒழுங்கு தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும்.

அந்தச் சூட்டோடுதான் நான் எங்கள் ஊர் வாயனசாலைக்குத் தலைவராக இருந்தேன். புத்தகம், நாளிதழ், கேரம் போர்டு, மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு மினிட்ஸ் புத்தகம் என்று கேரளத்துக் கிராமத்து வாசகசாலைகள் எல்லாம் எப்படியோ அப்படித்தான் எங்களுடையதும். அங்கே ஐம்பத்தைந்து இஞ்சில் ஒரு டிவி வந்து இறங்கியது. முதல் நாள் ஊரே கூடியிருக்க, செயலாளர் நாகராஜ் ஒரு சினிமாவைப் போட்டார். மேலே ஒரு சாண் கறுப்பு, கீழே ஒரு சாண் கறுப்பு. நடுவில் ரிப்பன் போலப் படம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை பெரிய டிவி வாங்கியது கறுப்பைப் பார்க்கவா? "பாதி டிவி வேலை செய்யவில்லை, திருப்பி அனுப்புங்கள்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நாகராஜ் ரிமோட்டில் எதையெதையோ அமுக்கினார். திடீரென்று படம் விரிந்து திரையை நிறைத்தது. கைதட்டல். அந்தக் கைதட்டலை நான் எனக்கே எடுத்துக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரே ஒருவர் எழுந்தார்.

"மாஷே, படம் அகலமுங்க. டிவி அத்தனை அகலமில்லீங்க. ஆளு முழுசா அடங்கோணும்னா மேலயும் கீழயும் எடம் மிஞ்சும். அந்த மிச்சந்தானுங்க கறுப்பு. அது படமில்ல, படம் இல்லாத எடம். அதைய நெரப்போணும்னு நீங்க பெருசு பண்ணுனா, ரெண்டு பக்கமும் நிக்கறவன் வெளிய போயிருவான்."

"போனால் போகட்டும். கதாநாயகன் இருக்கிறான் அல்லவா?"

"அதோ பாருங்க. அந்தப் பொண்ணு யாருகூடப் பேசுது?"

பார்த்தேன். திரையில் கதாநாயகி ஒரு மூக்கோடு பேசிக்கொண்டிருந்தாள். மூக்குக்குச் சொந்தக்காரர் திரைக்கு வெளியே இருந்தார்.

அந்த மூக்கைப் பார்த்த அந்த நிமிடமே அவர் சொல்வது சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதை இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன். புரிந்தும் என்ன செய்தேன்? கத்திய வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் மேலும் கத்தினேன். அவர் ரிமோட்டை எடுத்துக் கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். நாகராஜ் பிடுங்கி நிறைத்தார். மறுநாளும் அதே கூத்து. நான்காம் நாள் கமிட்டியைக் கூட்டி, என் கையாலேயே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினேன்: "டிவித் திரை எந்நேரமும் முழுமையாக நிறைந்திருக்க வேண்டும். கறுப்புப் பட்டை அனுமதிக்கப்படமாட்டாது. ஆப்பரேட்டர் டிவியையோ ரிமோட்டையோ தொடக் கூடாது. ஏகமனதாக நிறைவேறியது." கறுப்புப் பட்டைக்கு எதிராகத் தீர்மானம் போட்ட வாசகசாலை உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா, தெரியவில்லை.

அவர் சண்டை போடவில்லை. உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் வழக்கம்போலக் காலை பத்து மணிக்கு வந்தார். ரோட்டோரம் ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே இருப்பவர் விரித்த பேப்பரைப் படித்தார். "அடுத்த பக்கம் திருப்புங்க, அண்ணா" என்று சத்தம் மட்டும் வரும். எனக்கு அதுவும் கோபம். என்னை அவமானப்படுத்தவே நிற்கிறார் என்று மூன்று வாரம் பொருமினேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் படம் நெட்டில் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொள்ளாச்சிப் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் குளத்தையும் பின்னாலிருக்கும் மலையையும் பார்த்துவிட்டு, செக்போஸ்ட் தாண்டி வந்து ஒரு திருவிழாக் காட்சி எடுத்தார்கள். ஊரே நடித்தது. நான் குடையோடு நின்றேன். பக்கத்துத் தெருத் தெய்வானை மாவிளக்குத் தட்டோடு நின்றார். தான் சினிமாவில் நடித்ததை அவர் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய மருமகள் அதை நம்பியதே இல்லை.

ஞாயிறு மத்தியானம் வாயனசாலையில் உட்கார இடமில்லை. முதல் வரிசையில் பட்டுச் சேலையில் தெய்வானை, பக்கத்தில் மருமகள். காட்சி வந்தது. மலை வந்தது. நடுவில் கதாநாயகன் நடந்து போனான், கதாநாயகி நடந்து போனாள். காட்சி முடிந்தது. ஊரைக் காணோம்.

"திருப்பிப் போடுங்க!"

நாகராஜ் போட்டார். மறுபடியும் இரண்டே பேர். மூன்று தடவை போட்டும் ஒரு முழங்கையும் ஒரு குடைக் கம்பியும்தான் அகப்பட்டன. "நம்ம ஊருன்னு வெட்டிப்போட்டானுங்க!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் கேஸ் போடலாம் என்றார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். அது போதுமே.

"இங்கதான்டி நின்னேன்! நடுவுல வழி உட்டுப்போட்டு ரெண்டு ஓரமும் நில்லுங்கன்னு சொன்னாங்கடி!" தெய்வானையின் குரல் உடைந்துவிட்டது.

ஓரம். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஊரை வெட்டியது சினிமாக்காரன் இல்லை. நான்தான். ஏகமனதாக.

ஜன்னலைப் பார்த்தேன். குடை அங்கேயே இருந்தது.

"உள்ளே வாங்க" என்றேன்.

"தீர்மானம் இருக்குதுங்களே, மாஷே."

"அது... சும்மா எழுதியது."

"சும்மாவுங்களா?" மூன்று வாரத்துக் கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. "அப்ப நானும் சும்மாதான் வெயில்ல நின்னனாக்கும்? முப்பது வருசம் படம் ஓட்டுனவனுங்க நானு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருத்தன் தலைய வெட்டி ஓட்டியிருப்பனா? கேட்டுப் பாருங்க! என்னையப் போயி ரிமோட்டத் தொடக் கூடாதுன்னு பொஸ்தகத்துல எழுதுனீங்களே!"

நான் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தேன்.

"தீர்மானம் போட ஆள் போதுமா, கோரம் இருக்கா?" என்று நாகராஜைக் கேட்டேன்.

"ஊரே இருக்குதுங்க, மாஷ்."

தீர்மானத்தின் மேல் குறுக்கே கோடு போட்டு, கீழே எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன்: "முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. டிவி ஆப்பரேட்டரின் பொறுப்பில் விடப்படுகிறது. அவர் சொன்னது சரி என்று தலைவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் அவரை அவமதித்தார்."

குடை மடங்கியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் தோள் வழியாகப் புத்தகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கடைசி வரி வேண்டாமுங்க, மாஷே. நாளைக்கு உங்க பசங்க படிப்பாங்க. அடிச்சிருங்க."

அடிக்க எனக்கு மனம் இல்லை. அவரே என் கையிலிருந்த பேனாவை வாங்கி அடித்தார். அவர் அடித்த அந்த வரியைத்தான் இப்போது இங்கே எழுதியிருக்கிறேன்.

பிறகு ரிமோட்டை எடுத்தார். மேலே கறுப்பு வந்தது, கீழே கறுப்பு வந்தது, நடுவில் ஊர் வந்தது. இடது ஓரத்தில் தலைநிறைய முடியோடு நான், குடை சகிதம். வலது ஓரத்தில் மாவிளக்குத் தட்டோடு பதினெட்டு வயதுத் தெய்வானை. அவர் தட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தே!" என்று மருமகள் கூவியது செக்போஸ்ட் வரை கேட்டிருக்கும்.

ஆப்பரேட்டர் அந்த அமளியில் தெய்வானையின் தட்டை அளந்துகொண்டிருந்தார். "வட்டந்தானுங்க" என்று டேப்பைச் சுருட்டினார். பிறகு கடைசி வரிசைக்குப் போய் நின்றார். அவர் அந்தக் காட்சியில் இல்லை. அன்றைக்கு அவருக்குக் கொட்டகையில் மேட்னி ஷோ இருந்தது.

இப்போது கஞ்சிக்கோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே எத்தனை வீட்டு ரிமோட் அவர் கையில் சிக்கியதோ, தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். சௌக்கியம் கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"மேலயும் கீழயும் கறுப்பு இருக்குதுங்களா, மாஷே?"

"இருக்குதுங்க."

"அப்ப எல்லாரும் இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

எல்லாரும் இல்லை, ஆப்பரேட்டர். கடைசி வரிசையில் ஓர் இடம் காலி.