உள்ளிட்ட பலர்

மாமனார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளை சாப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறக்க வேண்டும். நான் கோழிக் குழம்பை முடித்த கையோடு பேசுவதற்கும் திறந்தேன். அதனால்தான் கல்யாணமான நாலாவது மாதமே போலீஸ் வேனில் ஏற வேண்டியதாயிற்று. (பயப்படாதீர்கள், இது குடும்பக் கதைதான்.)

அப்போது எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. இணையத்தில் எல்லோருமாகச் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டல்லவா, அதில் அடுத்தவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை. மௌஸ் வேலை செய்யவில்லை என்று புலம்பும் மாணவனுக்கு ஒயரைச் செருகிக் கொடுப்பேன். மீதி நேரமெல்லாம் உலக அறிவைப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன். யாராவது 'இக்கோயில் மிகவும் பழமையானது' என்று எழுதினால், பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்.

என் மனைவி மலரின் ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். (ஊர்ப் பெயரை எழுதினால் மாமா கோபித்துக்கொள்வார். எழுதாவிட்டாலும் கோபித்துக்கொள்வார்.) நிச்சயமான ஜோரில் அந்த ஊருக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கண்மாய், முந்திரிக்காடு, அய்யனார் கோயில் எல்லாம் போட்டு, கடைசியில் 'குறிப்பிடத்தக்கவர்கள்' என்று ஒரு தலைப்பு. அதில் ஒரே ஒரு பெயர், கபடி பன்னீர். இளவயதில் மாநில அணிக்கு ஆடியவர். செய்தித்தாளில் அவரைப் பற்றித் தனிச் செய்தியே வந்திருந்தது. என் மாமனார் கருப்பையாவுக்கும் அந்தப் பன்னீருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது எனக்குத் தெரியாது. அதைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதியிருக்கவில்லை.

"மாமா, ஒங்க ஊரைப் பத்தி நெட்ல எழுதுனது நான்தான்" என்றேன், விரலை நக்கியபடி.

மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நீங்கதானா அது?" என்றார் மாமா. "திருவிழா நோட்டீஸ்ல வருசா வருசம் என் பேருதான் மொதல்ல இருக்கும் மாப்ள. இந்த வருசம் பன்னீரு செல்போனத் தூக்கிட்டு வந்து, 'ஊர்லயே குறிப்பிடத்தக்கவன் நான் ஒருத்தன்தான்னு ஒலகத்துக்கே தெரியுது'ன்னு கமிட்டில காட்டிப்புட்டான். அவன் பேர மேல போடலாமான்னு பேசிக்கிட்டு இருக்காக. நோட்டீஸு இன்னும் அச்சுக்குப் போகல. எந்த வீணாப்போனவன் எழுதுனான்னு நானும் தேடிக்கிட்டு இருந்தேன்."

மலர் என்னைப் பார்த்தாள். "ஏங்க, இம்புட்டுப் பேரு இருக்க ஊர்ல ஒங்களுக்கு அந்தாளுதான் கெடச்சாரா?"

வீணாப்போனவன் அங்கேயே செல்போனை எடுத்து, பன்னீருக்குக் கீழே எழுதினான்: 'கருப்பையா, முந்திரி வணிகர், சமூக ஆர்வலர்.' சான்றாக, பஸ் ஸ்டாப்பில் மாமா தன் பிறந்தநாளுக்குத் தானே வைத்துக்கொண்ட ஃபிளெக்ஸின் படம். கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, 'சான்றுப்பூனை' என்ற பெயரில் எழுதும் ஒருவர் அதை நீக்கிவிட்டார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. 'விளம்பரத் தட்டி சான்றாகாது' என்று குறிப்பு. போன வருடத் திருவிழா நோட்டீஸைப் போட்டேன். 'ஏற்பாட்டாளர்களே வெளியிட்டது, செல்லாது.' கடுப்பில் எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்துப் போட்டேன். 'இது இவர் ஒரு பெண்ணுக்குத் தந்தை என்பதை மட்டுமே நிறுவுகிறது' என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு வரி: 'இவர் உங்கள் மாமனாரா? உறவினரைப் பற்றி எழுதுவது நலமுரண், சார்பில்லாமல் எழுத முடியாது.' (நான் அங்கே சொந்தப் பெயரில்தான் எழுதுகிறேன், அந்தப் பெயர் பத்திரிகையில் மணமகன் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.)

"எந்தச் சான்றுதான் செல்லும்?" என்று கேட்டார் மாமா.

"பேப்பர்ல வரணும் மாமா. நாம காசு குடுத்து விளம்பரமா வரக் கூடாது. அவங்களா நம்மளப் பத்தி எழுதணும்."

"பேப்பர்ல பேரு வரணும். அம்புட்டுதானே?"

"அம்புட்டுதான் மாமா."

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். மலர் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் திங்கட்கிழமை காலையில் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். அந்த ஊர் நிறுத்தத்தில் காலை பஸ் நிற்காது. கை காட்டினால் டிரைவரும் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போவார். அதனால் முந்தைய ஊருக்கு நடந்து போய் ஏறினேன். அதிசயமாக, அன்று மாமா ஊர் வந்ததும் பஸ் நின்றது. பரவாயில்லையே என்று எட்டிப் பார்த்தேன்.

நடுரோட்டில் வரிசையாகக் காலிக் குடங்கள். குடங்களுக்குப் பின்னால் பாதி ஊர். நட்டநடுவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாமா. 'நிறுத்து நிறுத்து, பஸ்ஸை நிறுத்து' என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஏற்கெனவே நின்றுவிட்ட பஸ்ஸைப் பார்த்து. பன்னீரும் கூட்டத்தில் இருந்தார். பஸ் அவருக்கும்தான் நிற்பதில்லை.

இறங்கி ஓடினேன். "மாமா, பஸ் நிக்கலன்னுதானே மறியல்? கொடம் எதுக்கு?"

"மறியல்னா கொடம் இருக்கணும் மாப்ள. அப்பதான் போட்டோ புடிப்பாக."

சொன்னபடியே ஒரு நிருபர் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று நான் கையை ஆட்டிக் கெஞ்சியதையும் பிடித்தார். (படத்தில் நான் ஆவேசமாக உரையாற்றுவது போலத்தான் இருந்தது.) அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து, "யாருய்யா தலைமை?" என்றார்.

கூட்டத்தில் சட்டையை இன் பண்ணி, தோளில் பை மாட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். மாமா என் முதுகைத் தட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஐடியாவே எங்க மாப்பிள்ளயோடதுதான் சார். படிச்சவரு. பேப்பர்ல வரணும்னு அவருதான் சொன்னாரு."

நிருபர் பெயர் கேட்டார். தகவல் பிழையாக வரக் கூடாதே என்ற பழக்கத்தில் இனிஷியலோடு சொல்லித் தொலைத்தேன், வேலை பார்க்கும் இடத்தையும் சேர்த்து.

மறியலில் கைதானவர்களை மாலை வரை ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பார்கள். எங்களை இறக்கிய இடம், நான் தாலி கட்டிய அதே மண்டபம். வாசலில் 'நல்வரவு' பலகை அப்படியே இருந்தது. மேடையைப் பார்த்தபடி எல்லோரும் லெமன் சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். "கல்யாணத்தன்னைக்குக் கூட்டத்துல ஒங்ககூட ஒக்காந்து சாப்புட முடியல மாப்ள" என்று மாமா தன் பொட்டலத்திலிருந்த வடையை எனக்கு வைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

புதுக்கோட்டை திரும்பி, மறுநாள் காலையில் திருக்கோகர்ணத்தில் எங்கள் தெரு டீக்கடையில் பேப்பரைப் பிரித்தேன். முதல் வரியிலேயே கல்லூரி ஊழியர் தலைமையில் மறியல் என்று என் பெயர். கடைசி வரி: 'முன்னாள் கபடி வீரர் பன்னீர் உள்ளிட்ட பலர் கைது செய்யப்பட்டு, மாலையில் விடுவிக்கப்பட்டனர்.' கருப்பையா என்ற பெயர் எங்கேயும் இல்லை.

போன் அடித்தது. மாமா.

"மாப்ள, இந்தப் பலர்னு போட்டிருக்கே, அதுல நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்க மாமா. மொத ஆளே நீங்கதான்."



அன்று மதியமே யாரோ ஊர்க் கட்டுரையில், பன்னீருக்குக் கீழே என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள், செய்தித்தாள் சான்றோடு. பதறிப்போய் நீக்கினேன். சான்றுப்பூனை திரும்பச் சேர்த்தது. 'சார்பற்ற, நம்பகமான சான்று உள்ளது. தன்னைப் பற்றித் தானே திருத்துவது நலமுரண்.' நான் ஒன்றுக்கும் ஆகாதவன், ஒரே ஒரு சம்பவத்தால் பேப்பரில் வந்தவன் என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் மன்றாடினேன். (கல்லூரி முதல்வர் கொடுத்த மெமோவில் இதற்கு நல்ல சான்று இருந்தது. ஆனால் வெளியிடப்படாத ஆவணம் செல்லாது.) ஒரு வாரம் சண்டை போட்ட பிறகு பூனை இறங்கி வந்தது. 'ஏற்கிறேன். இவரிடம் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.'

மலர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் எங்கள் ஜோடிப் படத்துக்குக் கீழே அதைத்தான் ஸ்டேட்டஸாக வைக்கிறாள்.

அந்த மறியலுக்குப் பிறகு காலை பஸ் அங்கே நிற்க ஆரம்பித்தது. பஸ்ஸை நிறுத்தியது யார் என்று ஊருக்கே தெரியும் என்பதால் கமிட்டியில் அப்புறம் யாரும் செல்போனைப் பார்க்கவில்லை, நோட்டீஸில் மாமா பெயர் பழையபடி முதலில் வந்தது. பேப்பர் செய்தியை மாமா லேமினேட் செய்து, 'பலர்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் "இந்தா, இதுதான் நான்" என்று காட்டுகிறார். அந்த நிறுத்தத்தையே கண்டக்டர்கள் 'மாப்பிள்ளை ஸ்டாப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் யாரோ அதையும் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். பழக்கதோஷம், பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். கிளாஸைக் கையில் வாங்குவதற்குள் மாமாவிடமிருந்து போன்.

"மாப்ள, எவனோ ஒரு வீணாப்போனவன் நம்ம ஸ்டாப்புக்குச் சான்று கேட்டிருக்கானாம்ல? கொடமெல்லாம் எடுத்துக் கழுவி வச்சாச்சு. நீங்க எப்ப வாரீங்க?"