ரிவர்ஸில் வந்த வஞ்சிரம்

மனிதரில் ஒரு வகை உண்டு. மழைக்கு ஈசல் மாதிரி, வருஷத்தில் ஒரு பருவத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து இறங்கும். பெயர், பி.எட். பயிற்சி ஆசிரியர். பருத்திப் புடவையில் எட்டு ஊக்கு, தோளில் பை, பைக்குள் இரண்டு பென்டிரைவ், மூன்று வகைக் கேபிள், ஒரு ரிமோட், ரிமோட்டுக்கு மாற்று பேட்டரி, இத்தனைக்கும் அடியில் நசுங்கிக் கிடக்கும் பாடப்புத்தகம். பார்த்தும் கண்டுபிடிக்கலாம், கேட்டும் கண்டுபிடிக்கலாம். "ஒரு நிமிஷம் பசங்களா, லோட் ஆகுது."

உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டிலேயே ஒன்று வளர்கிறதே! என் தம்பி லூர்துசாமியின் இரண்டாவது மகள் டயானா. தம்பி பெசன்ட் நகர் கரையில் படகு வைத்திருக்கிறான். அவன் மனைவி, அதாவது என் சின்ன மாமியாருடைய தங்கையின் பேத்தி, அதே கரையில் மீன் விற்கிறாள். ஆக, இந்தப் பெண் பல் முளைக்கும் முன்பே மீன் முள்ளைப் பார்த்தவள். இதை மறந்துவிடாதீர்கள்.

டயானாவுக்கு மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் பயிற்சி. ஏழாம் வகுப்பு, அறிவியல், மீன் பாடம். கல்லூரியிலிருந்து வெங்கடரமணன் சார் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு. இந்த இனம் அதற்கு எப்படித் தயாராகும்? பாடத்தைப் படித்தா? சேச்சே! பத்து நாள் உட்கார்ந்து ஸ்லைடு செய்யும். எழுத்து மேலேயிருந்து விழ வேண்டும், விழுந்தது சுழல வேண்டும், சுழன்று நின்றால் கைதட்டல் கேட்க வேண்டும். எழுத்துக்கே இத்தனை என்றால் மீன் சும்மா கிடக்கலாமா?

"சோறு ஆறிப் போவுதுடி" என்று அம்மாக்காரி கத்துவாள்.

"தோ வரேம்மா. மீன இன்னும் நீந்த வுடல."

"புடிச்சாந்த மீனு தட்டுல கீது. அத்த வுட்டுட்டுப் பொட்டிக்குள்ள இன்னாத்தத் தேடறா இவ?" என்பான் லூர்துசாமி.

அந்த நாளும் வந்தது. முதல் பத்து நிமிஷம் கேபிளுக்குக் காணிக்கை. வாட்ச்மேன் தங்கவேல் வந்து ஸ்மார்ட் போர்டுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ ஆட்டினார், வெளிச்சம் வந்தது. டயானா பெருமூச்சு விட்டு ரிமோட்டை அழுத்தினாள். வஞ்சிரம் ஒன்று வலது ஓரத்திலிருந்து புறப்பட்டு, நீலத் தண்ணீரில், மெதுவாக, வெகு அழகாக, வாலை முன்னே விட்டு, இடது ஓரம் போய்ச் சேர்ந்தது.

மீனவர் குப்பத்துப் பிள்ளை டில்லிபாபு எழுந்தான். "மிஸ்! மீனு ரிவர்ஸ்ல போவுது!"

மறுபடி அழுத்தினாள். மறுபடி ரிவர்ஸ்.

"பின்னாடி யாராச்சும் நின்னு 'வரலாம், வரலாம்'னு சொல்லணும் மிஸ்" என்றாள் சிம்ரா. வகுப்பு உருண்டு சிரித்தது. கடைசி பெஞ்சில் வெங்கடரமணன் சார் பேனா மூடியைக் கழற்றினார்.

டயானா ரிமோட்டைக் கீழே வைத்தாள். பத்து நாளில் முதல் தடவையாக, அந்தப் படத்தில் இருந்த மீனைப் பார்த்தாள்.

"செரி, சிரிச்சது போதும். ஏன் ரிவர்ஸ்ல போவாது? டில்லி, நீயே சொல்லு."

"வாலுதான மிஸ் தள்ளுது? பின்னால இருந்து தள்ளுனாதான முன்னால போவும்."

"செதிலு பின்னாடி சாஞ்சிருக்கும் மிஸ். எதிர்ல தடவினா கையக் கிழிச்சிரும்" என்றாள் சிம்ரா.

"அப்ப எந்த மீனுமே பின்னால போவாதா?"

"விலாங்கு போவும் மிஸ்!" நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து, பெஞ்சு மேலேயே விலாங்காக நெளிந்து காட்டினார்கள். மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை.

வெங்கடரமணன் சார் எழுதினார்: "தவறான காட்சியை வேண்டுமென்றே காட்டி மாணவரைச் சிந்திக்க வைத்தார். தொழில்நுட்பத்தைக் கையாண்ட விதம் மிகச் சிறப்பு. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு."

"வேணும்னு காட்டல, தப்பா வந்துச்சுன்னு நீ சொல்லலியாடி?" என்று வீட்டில் கேட்டேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன் அத்தே. அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க."

"பெல்லு முன்னாடியே அடிச்சிருச்சின்னியே?"

"இது அடுத்த பெல்லு."

இப்போது அந்தக் கல்லூரியில் இதுதான் பாணியாம். ஸ்ரீஹரி என்ற பையன் சூரியனை மேற்கே உதிக்க வைக்கிறான். மெஹக் என்ற பெண்ணின் தென்னை வேரை வானத்தில் ஆட்டுகிறது. யாரும் தவறு செய்வதில்லை, எல்லாம் உத்தி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். புதன்கிழமை விடிந்ததும் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் ரோஜா விரிய, விளக்கு சுழல, மணி ஒலிக்க ஒரு படம் அனுப்பினீர்களே, அதன் நடுவில் 'இனிய வெள்ளி' என்று இருந்ததைப் பார்த்தீர்களா? இல்லையா? பரவாயில்லை. நாங்கள் பின்னால்தான் நிற்கிறோம். வரலாம், வரலாம்.