சம்பந்தியின் ரோசாவுக்கு அம்மாள் வந்த விபரம்

தர்மபுரம்,
மார்கழி 12.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஜனார்த்தனன் அவர்களுக்கு,

அப்புத்துரை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி சிவனேஸ்வரியும் உங்கள் மாப்பிள்ளை, எங்கள் மகன் கிருசாந்தனும் பசுவும் கன்றும் சுகம். நுவரெலியாக் குளிரில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். சுகமானவர்களில் ரோசாச் செடியைச் சேர்க்காததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தால் பக்கத்தில் நின்று சிவனேஸ்வரி திருத்துவார். அதனால்தான் கடிதம்.

ஐப்பசியில் நிச்சயத்துக்கு வந்தபோது செடியை மடியில் வைத்தபடி வந்து இறங்கினீர்கள். "பத்து வருஷமா என் கையால வளத்த செடிங்க சம்பந்தி. இதுல பூக்கிற மொதப் பூவ கல்யாணத்தன்னைக்கு எம் பொண்ணு ராஜினி தலையில வைக்கணும்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை. முப்பது வருடம் நெல் விதைத்தவன், ஒரு பூவை வளர்க்க மாட்டேனா என்ற திமிரில் செடியைச் சுற்றி வரம்பு கட்டித் தண்ணீர் மறித்தேன். நெல் என்றால் சிரித்திருக்கும், உங்கள் செடி மஞ்சளாகிவிட்டது. வரம்பை வெட்டித் தண்ணீரை விட்டால், மழையும் புழுக்கமுமாய்ப் போன அந்தக் கிழமையில் இலையெல்லாம் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. சிவனேஸ்வரி பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, இதுக்கு அம்மாள் வந்திட்டுதப்பா! ஒருத்தரும் தொடாதேங்கோ!"

சின்னம்மை வந்த பிள்ளைக்குச் செய்வதெல்லாம் செடிக்கும் நடந்தது. சுற்றிவர வேப்பிலை கட்டினார். இளநீர் வைத்தார். வீட்டில் மீன் சமைக்கவில்லை. நான் குளிக்காமல் முற்றத்தில் இறங்கக்கூடாது என்றார். பதினோராம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மூன்று குடம் செடியின் தலையில் வார்த்தோம். மறுநாள் புள்ளி இரண்டு மடங்கு! கிருசாந்தன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கரும்புள்ளி நோய். இலை நனையக்கூடாதாம்" என்றான். இதை மூன்று குடத்துக்கு முதல் சொல்ல அவனுக்கு நேரமில்லை. உடனே என் கறுப்புக் குடையைச் செடிக்குப் பிடித்துக் கட்டினேன், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வளவுத் தயாபரனின் மாட்டுக்கு மேல் போட்டது, மாடு வெருண்டு வேலியைப் பிரித்தது, வேலி கட்டப் போன இடத்தில் தயாபரன் மருந்து அடிக்கும் தாங்கியைத் தந்தான், நானும் நோய்க்கு வாங்கிய மருந்தைக் கலந்து, ஒரு இலை விடாமல் ஆசையாசையாய் அடித்தேன். அடித்து முடிய அவன் வேலிக்கு மேலால் கேட்டான்:

"அண்ணை, தாங்கியைக் கழுவினனீங்களோ? காலமை வரம்புப் புல்லுக்குக் களைநாசினி அடிச்சதெல்லோ அது!"

சம்பந்தி, செடி போய்விட்டது. கூடவே சிவனேஸ்வரியின் கத்தரிக்கன்று நான்கும் போயின. போன கிழமை நான் அனுப்பிய படத்தில் இருந்த பூ சாமியறைப் பிளாஸ்டிக் பூ. "எங்க ஊருப் பூவுன்னா சும்மாவா!" என்று நீங்கள் பதில் போட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு செடியைக் காப்பாற்றத் தெரியாத வீட்டுக்கு மகளை எப்படி அனுப்புவது என்று நினைத்துவிடாதீர்கள். இதுதான் என் பயம் முழுவதும். ராஜினியைத் தண்ணீரில் நிறுத்த மாட்டோம். தயாபரனின் தாங்கியை அவள் இருக்கும் பக்கமே கொண்டுபோக மாட்டோம். இது சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். ராஜினி நூறாண்டு நோய்நொடி இல்லாமல் வாழட்டும், முக்கியமாகப் புள்ளி இல்லாமல்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி
க. அப்புத்துரை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பட்ட செடியைப் பிடுங்கியபோது வேரோடு ஒரு பிளாஸ்டிக் அட்டை வந்தது. வவுனியாவில் ஒரு பூங்கன்றுக் கடையின் போன் நம்பர். இதேபோல ஒன்றைக் கள்ளமாய் வாங்கி நட்டுவிடலாம் என்று எடுத்துப் பேசினேன். கடைக்காரர் பழனியாண்டி சொன்னது இது:

"அந்தச் செவப்பு ரோசாங்களா? ஐப்பசியில ஒரு நுவரெலியா ஐயா வாங்கிட்டுப் போனாரு. அவரு வளத்தது வீட்டுலயே பட்டுப்போச்சாம். நேத்துக்கூடப் பேசினாருங்க. சம்பந்தி அனுப்பின படத்துல இருக்கிறது பிளாஸ்டிக் பூ, மனுசன் பாவம், சபையில சங்கடப்படுவாரு, வர்ற வழியில ஒண்ணு எடுத்துக்கிறேன், பூவோட வைங்கன்னாரு. ஒங்களுக்கும் ஒண்ணு வைக்கவா?"

வேண்டாம், ஒன்றே போதும் என்றேன். கல்யாணத்துக்கு வரும்போது வவுனியாவில் இறங்குங்கள், நான் கடை வாசலில் நிற்பேன். பத்து வருடம் உங்கள் கையால் வளர்த்த செடி என்று சபையில் நானே சொல்வேன். இரண்டு மாதம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததை நீங்கள் ஒருதரம் சொல்லிவிடுங்கள்.