மருமகள் பெயரில் அத்தை நடத்திய போர்

குதாய்சி,
திராட்சை பறிப்பு முடிந்த வாரம்.

இத்தாலியில் பாரி நகரத்தில் சகல சௌபாக்கியங்களோடும் வாழ வேண்டிய என் தங்கை மகள் சிசானாவுக்கு, ஷாலிகோ மாமா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் நலம். என் இடது முழங்கால் என்னளவுக்கு நலமில்லை. உன் ஜுஜுனா அத்தையின் தொண்டை மிக மிக நலம், தொல்லையே அதுதான். நீயும், நீ பார்த்துக்கொள்கிற அந்த இத்தாலிய அம்மாளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஜன்னல் காற்றில் உட்காராமல், சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று புனித கியோர்கியை வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்ல முடியாது. போன் பிடிக்கிற ஒரே அறையில்தான் அவளும் இருக்கிறாள். அதனால் மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் பார்சலில், பிளம் சட்னி பாட்டிலுக்கும் சீஸுக்கும் நடுவே இந்தக் கடிதத்தைச் சொருகி வைக்கிறேன். "மாமா, என் கேம் ஐடிக்கு ரெண்டு வார்னிங் வந்திருக்கு, மூணாவது வந்தா ஒரேயடியா மூடிடுவாங்களாம், பள்ளிக்கூடத்துல இருந்து வளர்த்த ஐடி மாமா அது, யாரு அங்க விளையாடுறது?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் சத்தியம் செய்து ஒன்றை முன்கூட்டியே அறிவிக்கிறேன்: நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். இதுவரை யாரும் நம்பவில்லை. எங்கள் பாதிரியார் நம்பவில்லை, அவருக்குத் தொழிலே நம்புவதுதான்.

நீ இத்தாலிக்குப் போகும்போது உன் கம்ப்யூட்டரை இங்கே விட்டுவிட்டுப் போனாயே, அதைத் துடைக்கப் போனாள் உன் அத்தை. துடைக்கிற துணி எந்தப் பொத்தானில் பட்டதோ, ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறு பக்கம் நின்று துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிற ஒரு ஊருக்குள் உன் பெயரில் போய் இறங்கிவிட்டாள். முதல் வாரம் அவள் யாரையாவது சுட்டுவிட்டால் மைக்கில் மன்னிப்புக் கேட்டாள், அடிபட்டதா, வீட்டில் யாராவது இருக்கிறார்களா, சூப் வைத்துக் கொடுப்பார்களா என்று விசாரித்தாள். இரண்டாம் வாரம் எவனோ ஒருவன் பின்னாலிருந்து சுட்டான். அப்போது உன் அத்தை போட்ட சத்தத்தில் ரியோனி ஆறு சிறிது நேரம் மேல்நோக்கி ஓடியது. வெள்ளைப் பாலத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பித் துருக்கிக்குப் போய்விட்டன, இன்னும் திரும்பவில்லை. "உன் ரொட்டி எப்பவும் ஒரு பக்கம் வேகாமலே போகட்டும்டா! உன் கல்யாணத்துல பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டட்டும்! உன் செருப்புல நாள் பூரா ஒரு கல்லு இருக்கட்டும், எடுத்துப் பார்த்தா இல்லாம போகட்டும்!" முதல் வார்னிங் அதற்குத்தான். இரண்டாவது எதற்கு என்பதை எழுதினால் இந்தத் தாளை எல்லையில் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

உன் ஐடி போய்விடக் கூடாதே என்று நான் பட்ட பாடு கொஞ்சமா. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடு என்றேன். இழுத்தாள். விட்டபோது கீழ் வீட்டு மெடீயா, "கியாஸ் வெடிச்சுருச்சா?" என்று செருப்பில்லாமல் ஓடிவந்தாள். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு விளையாடு, கத்த முடியாது என்றேன். அதற்குப் பிறகு ஸ்கிரீனைக் காய வைக்க இரண்டு நாள் ஆனது, என் சட்டை அதற்கு மேல். சூடான சோள ரொட்டியை வாயில் வைத்துப் பார்த்தேன், அதை மென்றுகொண்டே திட்டினாள், திட்டு இன்னும் பயங்கரமாக இருந்தது. கோபம் வந்தால் பாடு, நம்ம ஊரில் மூன்று குரலில் பாடினால் எந்தக் கோபமும் கரைந்துவிடும் என்றேன். "மத்த ரெண்டு குரலு எங்க? நீங்களா?" என்றாள். நான் பாடினேன். அன்றைக்குத்தான் மெடீயா வீடு மாற்றுவதைப் பற்றி முதன்முதலாகப் பேசினாள்.

எனக்கு அலுத்துவிட்டது மருமகளே. இந்தக் குதாய்சியில் நான் தமதாவாக மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒயினைத் தூக்கி வாழ்த்துரைக்காத கல்யாண விருந்து உண்டா? எத்தனை சண்டைக்காரச் சம்பந்திகளை ஒரே மேஜையில் அழவைத்துக் கட்டிப்பிடிக்க வைத்தவன் நான்! என் வீட்டில் ஒருத்தியின் வாயை மூட முடியவில்லை. அந்தக் களைப்பில்தான் அந்த யோசனை வந்தது. "ஜுஜுனா, உன்னை எவன் சுட்டாலும் உடனே ஒரு வாய் ஒயின் எடுத்துக்கிட்டு அவனை வாழ்த்திடு. வாழ்த்திட்டே இருக்கும்போது எப்படித் திட்டுவ?"

"என்னைச் சுட்டவனையா?"

"சுட்டவனைத்தான்."

"உங்களுக்கு வெயில் ஏறிருச்சு. உள்ள போய்ப் படுங்க."

ஆனால் செய்தாள், மருமகளே. உன் ஐடிக்காகச் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்த வாழ்த்து போகப்போக நன்றாகவே வந்தது. போலந்துக்காரன் ஒருவன் சுட்டான், அவன் அப்பா அம்மாவை வாழ்த்தினாள். துருக்கிக்காரன் சுட்டான், அவன் ஊர்த் தண்ணீரை வாழ்த்தினாள். வாழ்த்தை முடிக்காமல் குடிக்கக் கூடாது, குடிக்காமல் அடுத்த ரவுண்டுக்குப் போகக் கூடாது என்பதால் எதிரிகள் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுக் காத்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். இப்படியே வாழ்த்தி வாழ்த்தி உன் அத்தையும், தெருமுனை ரொட்டிக்கார வாஜாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்த டீம் கருங்கடல் கோப்பையின் இறுதி மேட்சுக்கே போய்விட்டது.

எதிரே கடலோரப் பத்துமி ஊர் டீம். அதன் தலைவன் அன்சோர் என்று ஒரு பல் டாக்டர். நடுவர் ஒரு டச்சுக்காரர், நம்ம மொழி ஒரு சொல்லும் தெரியாது. மைக்கில் யார் என்ன பேசினாலும் மெஷின் அதை மொழிபெயர்த்து அவர் முன்னால் எழுதிக் காட்டும். கெட்ட வார்த்தை ஒன்று தெரிந்தால் வார்னிங். நமக்கு அது மூன்றாவது. உன் ஐடி அதோடு போச்சு. நான் ஒயின் ஜாடியைச் சாய்த்தேன், சொட்டு இல்லை. பயிற்சி வாழ்த்துகளிலேயே பழைய ஒயின் மொத்தமும் தீர்ந்திருந்தது. புது ஒயின் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது. வாஜா தன் கடையிலிருந்து கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தது பீர்.

அங்கே இத்தாலியில் இருந்து உனக்கு மறந்திருக்கலாம். நம்ம ஊரில் ஒயினை வைத்து வாழ்த்தினால் சொன்னது பலிக்கும். பீரை வைத்து வாழ்த்தினால் சொன்னதற்கு நேர் எதிர். வேண்டாதவனைத்தான் பீரில் வாழ்த்துவார்கள். தலையில் எனக்கு இல்லாத முடியெல்லாம் நட்டுக்கொண்டது. "ஜுஜுனா, அதைக் கீழ வை!" என்றேன். அந்த நேரம் பார்த்து அன்சோர் அவளைச் சுட்டான். உன் அத்தை என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

"அன்சோர் தம்பி," என்றாள், தேன் ஒழுக. "என்னைச் சுட்ட அந்தக் கை நல்லா இருக்கணும். உன் பிள்ளைங்க பல்லெல்லாம் முத்தா இருக்கணும். உன் ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம் குறையவே கூடாது. உன் மாமியார் நூறு வருஷம் உன் வீட்லயே இருக்கணும்."

புஸ்ஸ்ஸ் என்று டப்பாவைத் திறந்தாள். பத்துமியில் கடல் அலை நின்றுவிட்டது.

"அக்கா... அது என்ன சத்தம்?"

"எது தம்பி?"

"டப்பா தொறந்த மாதிரி..."

"ஆமா. பீர்."

"பீரா? பீரை வெச்சா என் பிள்ளைங்களை வாழ்த்துனீங்க?"

"குளுகுளுன்னு இருக்கு தம்பி."

"ஆஸ்பத்திரியையுமா! மாமியாரை விட்டுருங்க, அது பரவால்ல, ஆனா..."

அவன் மனைவி பக்கத்தில் இருந்திருக்கிறாள். "என்னது பரவால்லையா? எங்கம்மா சாகணும்னு ஒருத்தி சொல்றா, உனக்குப் பரவால்லையா?" என்று ஒரு குரல் கேட்டது, பிறகு ஏதோ கண்ணாடிச் சாமான் உடைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அன்சோர் பேசியதை மெஷின் மொழிபெயர்க்க முயன்று புகை விட்டதாகக் கேள்வி. டச்சுக்காரர் ஒரு பக்கம் பார்த்தார்: கைக்கும் பல்லுக்கும் மாமியாருக்கும் ஆசி. மறு பக்கம் பார்த்தார்: எழுத முடியாதவை. பத்துமி டீமை வெளியே அனுப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு பண்பான பெண்மணியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கோப்பையையும் கொடுத்துவிட்டார். உன் ஐடி பத்திரம். மூன்றாவது வார்னிங் வரவில்லை, வராது.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல். அந்த அம்மாளுக்கு என் வணக்கம், சீஸைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பு போனபிறகு கொடு. நீ போகிற வழியெல்லாம் நிழலாக இருக்கட்டும், சம்பளம் சொன்ன தேதியில் வரட்டும், உன்னை நினைக்கிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும். இதை ஒயினை வைத்துத்தான் சொல்கிறேன்.

உன் மாமா,
ஷாலிகோ

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் அத்தை இதைப் படித்துவிட்டாள். "பிள்ளை நிஜம்னு நினைச்சுக்கப் போகுது. உள்ளதை எழுதுங்க" என்று பக்கத்தில் நிற்கிறாள். ஆகவே: கோப்பை இல்லை. அன்சோர் என்று யாருமில்லை, அவனுக்கு மாமியாரும் இல்லை. டச்சுக்காரர் இல்லை. வாஜா ரொட்டி சுடுகிறான், விளையாடுவதில்லை. உன் அத்தை ஒரு மேட்சும் ஜெயித்ததில்லை. பாதிரியாரிடம் நான் எதையும் சொல்லவில்லை. உன் பெயரில் அவள் கத்தியது மட்டும், மருமகளே, உண்மை. இரண்டாவது வார்னிங்குக்கு மறுநாள், "உனக்குன்னு தனி ஐடி போட்டுத் தரச் சொல்றேன், அதுல எவ்வளவு வேணா கத்து" என்றேன். "அதுல அவ இருக்க மாட்டாளே" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஸ்கிரீனைக் காட்டினாள். தலைக்கு மேல் உன் பெயரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், நீ உடுத்திவிட்ட மஞ்சள் மழைக்கோட்டு, நீ பின்னிவிட்ட ஒற்றைச் சடை. "தோத்ததுக்கா நான் கத்துனேன்? நம்ம பிள்ளையைச் சுடுறானுங்க, நீங்க மூச்சை இழுத்து விடுங்கிறீங்க" என்றாள். இப்போது சண்டைக்குப் போவதில்லை. எதிரிகள் யாரும் வராத பயிற்சி மைதானம் ஒன்று இருக்கிறதாம், மதியம் சாப்பிட்டதும் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் நடக்க வைத்துவிட்டு வருகிறாள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று உன்னைக் குதிக்க வைக்கக் கற்றுக்கொண்டாள்.