நடக்கவிடக் கூடாத நோயாளி

மருத்துவமனை மென்பொருளில் தவறு வந்தால் அது நிரலுக்குள் இருந்துதான் வரும் என்று மனப்பூர்வமாக நம்பியவன் நான். சின்ன வயதில் இல்லை, நாற்பத்தாறு வயதில். நிரலுக்குள் கிடக்கும் மருத்துவ விதிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டால் தவறும் கூடவே வெளியேறிவிடும் என்று நினைத்தேன். (வெளியேறியது. வெளியேறி, என் மேலேயே வந்து உட்கார்ந்தது.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ரத்த அழுத்தம் இவ்வளவுக்கு மேல் போனால் எமர்ஜென்சி, சர்க்கரை இவ்வளவுக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடு என்பது போன்ற விதிகள் எல்லாமே நிரலின் வயிற்றுக்குள் இருந்தன. டாக்டர் ஒரு எண்ணை மாற்றச் சொன்னால் நான் அந்த வயிற்றைக் கிழித்து, மாற்றி, சோதித்து, மறுபடி தைக்க வேண்டும். அதனால் விதிகளுக்கென்று தனியாக ஒரு திரை செய்தேன். 'இது இதற்கு மேல் போனால் இதைச் செய்' என்று சாதாரணத் தமிழில் இருக்கும். நர்ஸே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் போன் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கலாம்.

"டெஸ்ட் பண்ணியாச்சாப்பா?" என்று மேனேஜர் கேட்டார்.

"விதி வெளியில வந்துடுச்சு சார். இனிமே அது புரோகிராமே இல்ல, வெறும் நம்பர். நம்பருக்கு என்னத்த டெஸ்ட்?"

இந்த வசனம் இப்போது எங்கள் ஆபீஸ் காபி மெஷினுக்கு மேலே அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கிறது. கீழே என் பெயரும் உண்டு.

சனிக்கிழமை காலை, நோயாளிகள் வந்து குவியும் நேரத்துக்கு முன்னால், பயிற்சி கொடுக்கப் போனேன். தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை, வீடு குவார்ட்டர்ஸில். சிரிக்காமல் கேள்வி கேட்பார்.

"சார், நான் நம்பர மாத்தி ஏதாது ஆயிட்டுன்னா?"

"ஒண்ணும் ஆகாது சிஸ்டர். பிரஷர் விதியவே எடுத்துக்கங்க. தைரியமா ஏதாவது ஒரு நம்பர் போட்டுப் பழகுங்க."

"ஏதாதுன்னா?"

"ஏதாவது!"

அதற்குள் மேனேஜர் போனில் கூப்பிட்டார். வராந்தாவில் நின்று, எல்லாம் அமோகமாகப் போகிறது என்று அவரிடம் அளந்துவிட்டு வந்தேன். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. என்ன எண் என்று பார்க்கவில்லை. "சூப்பர் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது செய்முறை விளக்கம். "நானே பேஷண்ட்" என்று என் பெயரிலேயே பதிவு போட்டுக் கையை நீட்டினேன். கருவியில் எடுக்கும் அளவு நேராகத் திரைக்குப் போய்விடும். "நீங்க நம்பரப் பாக்கவே வேணாம் சிஸ்டர், கலரப் பாத்தா போதும்" என்று வேறு பாடம் எடுத்தேன்.

கையில் கட்டிய பட்டை இறுகியது, தளர்ந்தது. திரை முழுக்கச் சிவப்பானது.

'ஆபத்தான ரத்த அழுத்தம். நோயாளியை நடக்கவிடக் கூடாது. உடனே எமர்ஜென்சிக்கு மாற்றவும்.'

அந்த வாசகத்தை எழுதியவனே நான்தான். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதையும் படித்து ஒருவரும் அதிர்ந்ததில்லை. நான் அதிர்ந்தேன். ஒரு நிமிடம் முன்புவரை இல்லாத நெஞ்சு வலி, கூப்பிட்டதுபோல வந்து நின்றது. எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எந்திரிக்கப்பிடாது சார்! கம்ப்யூட்டர் சொல்லுதுல்லா?"

"சிஸ்டர், அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதினதே நான்தான்..."

"அதனாலதான சார் நம்புதோம்."

வார்டு உதவியாளர் ஏழுமலை சக்கர நாற்காலியோடு வந்தார். ஆள் என்னைவிட இரண்டு மடங்கு.

"இன்னா சார், ஷோக்கா பைக்ல வந்த? இப்ப இப்டி ஆயிட்ட?"

"அண்ணே, மெதுவாத் தள்ளுங்க."

"மெதுவாத் தள்ளுனா நீ பூடுவ சார். கெட்டியா புட்ச்சிக்கோ!"

எமர்ஜென்சியில் இருந்ததே மூன்று கட்டில். முதல் கட்டிலில் படுக்கவைக்கப்பட்டதும் மனைவி சுமதிக்குப் போன் போட்டேன்.

"சுமதி, பதறாத."

"நான் எங்க பதறுறேன்? சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறாரு, சீக்கிரம் சொல்லுங்க."

"என்னை எமர்ஜென்சில போட்டுட்டாங்க."

"ஐயோ! எங்க வலிக்குது?"

"இப்ப எங்கயும் வலிக்கல. அதான் பயமா இருக்கு. என் போன் பாஸ்வேர்டு என்னன்னா..."

"அது தெரியும். கிளம்பி வரேன், பேசாம படுங்க."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். (அன்றைக்கு அழுத்தம் நிஜமாகவே ஏறியிருந்தால் அந்த நொடியில்தான் ஏறியிருக்கும்.)

ஏழுமலை அடுத்த ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் கட்டுப் பிரிக்க வந்த, பக்கத்து ராணுவ முகாம் ஜவான். "காலைலதான் சார் கிரவுண்ட சுத்தி ஓடினேன்" என்று கத்திக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் மகளுக்குக் காய்ச்சல் என்று வந்த அம்மா. மகளை விட்டுவிட்டு அம்மாவைப் படுக்கவைத்தார்கள். (சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் பிரஷர் பார்த்துவிடலாம் என்று பார்த்தார்களாம்.)

"இன்னாபா இது, நடந்து வர்றவன பூரா தள்ளிகினே கீறேன்!" என்று ஏழுமலை நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

என் மென்பொருளில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆவடித் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்றுதான் தோன்றியது. "யாரும் தண்ணி குடிக்காதீங்க!" என்று படுத்தபடியே குரல் கொடுத்தேன். ஜவான் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் டியூட்டி டாக்டரம்மா வந்தார். என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். என் கையைப் பிடித்து, பழைய கருவியில் தாமே காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஜவானுக்கு, பிறகு அந்த அம்மாவுக்கு.

"இவங்களையெல்லாம் யாரு இங்க அனுப்பினது?"

"கம்ப்யூட்டர், டாக்டர்" என்றார் எஸ்தர் சிஸ்டர். "விதி மாத்துற எடத்துல நம்பர் போடச் சொன்னாவ. போட்டேன்."

"என்ன நம்பர்?"

சிஸ்டர் சொன்னார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"மூணு பெட்டும் ஃபுல். இந்த நேரத்துல நிஜமா ஒரு ஹார்ட் அட்டாக் வந்திருந்தா எங்க சார் போட்டிருப்பேன்?"

செருப்பைத் தேடிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினேன். "பாத்து சார், நடக்கக் கூடாதுன்னு போட்டுகீது" என்றார் ஏழுமலை.

சுமதி வந்து சேர்ந்தபோது நான் அதே திரையின் முன்னால் உட்கார்ந்து எண்ணைப் பழையபடி மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டரம்மாவிடம் விசாரித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது யார் எந்த விதியை மாற்றினாலும், பழைய நோயாளிகளின் அளவுகளை அதில் ஓட்டிப் பார்த்து, டாக்டர் ஒருவர் சரி என்று சொன்ன பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். ஆனால் அன்று டாக்டரம்மா எழுதி வைத்த என் பதிவை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை. நோயாளியின் பதிவை ஒருபோதும் அழிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை நான் வெளியே எடுக்கவில்லை, நிரலுக்குள்ளேயே இறுக்கி வைத்திருந்தேன். ஆகவே இன்றைக்கும் சளி, இருமல் என்று அங்கே போனால் வரவேற்பில் இருக்கும் பெண் திரையைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கிறாள்: "முன்பு எமர்ஜென்சியில் அனுமதி. காரணம்: பயம்." பக்கத்தில் சுமதி இருந்தால், "இவரை நடக்கவிடலாமா, கேட்டுச் சொல்லும்மா" என்பாள்.

நடந்தது இவ்வளவுதான். எமர்ஜென்சிக்கான எல்லை நூற்றெண்பது. சிஸ்டர் போட்ட எண் நூறு. போடச் சொன்னவன் நான். அன்று என் ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு.