வேர் விட்ட பிளாஸ்டிக் புல்

"உலகத்திலேயே பிளாஸ்டிக்கை வேர் விட வெச்சவன் ஒருத்தன்தான் சார். அவன் இப்ப உங்க முன்னாடி உக்காந்து டீ குடிச்சிண்டிருக்கான்" என்றான் சேஷாத்ரி.

"விசர்க் கதை. பைத்தியக்காரப் பேச்சு" என்றார் வரதராஜா.

மெல்போர்னின் அந்தப் புறநகர் நகரசபையில், 1976-இல், தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மெட்ராஸிலிருந்து வந்த சேஷாத்ரி, வரைபடப் பிரிவு. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வழியாக வந்த வரதராஜா, அவனுடைய மேலதிகாரி. ஒருவன் தினமும் இதைச் சொல்வான். மற்றவர் தினமும் நம்ப மாட்டார். மூன்று மாதமாக டீ அறையில் இதுதான் நடந்தது.

கதை இதுதான். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எங்காவது கொஞ்சம் தூக்கலாக இருந்தால், அது உப்பு.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதுப் பூங்கா கட்ட நகரசபை முடிவு செய்தது. முதல் வரைபடத்தில் ஒரு ஏரி, ஒரு குன்று, நூறு மரம். கமிட்டி கூடியது. ஏரியில் குழந்தைகள் விழும் என்று ஒருவர் சொல்ல, ஏரி ஒரு குடிநீர்க் குழாயாயிற்று. குன்று ஏறினால் மூச்சு வாங்கும் என்று இன்னொருவர் சொல்ல, அது ஒரு பெஞ்சு ஆயிற்று. நூறு மரம் மூன்று தொட்டிச் செடிகளாக வற்றியது. மிச்சமிருந்தது புல். அதற்கும் வந்தார் வரதராஜா.

"பிளாஸ்டிக் புல் போடுவம். வளராது, வாடாது. நான் இருக்கும் மட்டும் இந்தப் பார்க்குக்கு ஒரு புல்வெட்டி மெஷின் வாங்கத் தேவையில்லை" என்று எழுதியே கொடுத்தார்.

சுருள் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டவன் சேஷாத்ரி. அப்போதுதான் ஆஸ்திரேலியா அடியை விட்டு மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. பூங்காவின் அகலம் நாற்பது மீட்டர். சுருளின் அகலம் பன்னிரண்டு அடி. 'பன்னிரண்டு அடின்னா நாலு மீட்டர்தானே!' என்று பத்துச் சுருள் எழுதிவிட்டான்.

பத்தும் வந்தன. விரித்தார்கள். விரித்து முடித்த பிறகு, மேயர் ரிப்பன் வெட்டப்போகும் மேடைக்கு நேர் முன்னால், ஒரு லாரி போகும் அகலத்துக்கு வெறும் மணல் பல்லைக் காட்டியது.

"என்ன காணும் இது?" என்றார் வரதராஜா.

"பன்னிரண்டு அடின்னா மூணேமுக்கால் மீட்டர்கூட இல்லை சார். இப்பத்தான் தெரிஞ்சது."

"அடுத்த சுருள் கப்பல்ல வர மூண்டு மாசம். திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள். உம்மட ஆறு மாசத் தற்காலிக வேலைத் தவணை எண்டைக்கு முடியுது?"

"அன்னிக்குத்தான் சார்" என்றான் சேஷாத்ரி.

அவன் வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் வரதராஜாவின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கையெழுத்து விழாவிட்டால், அவனும் மனைவி வைதேகியும் அப்போதுதான் விலை பேசி வாங்கிய சோபாவோடு மெட்ராஸ் திரும்ப வேண்டியதுதான்.

அன்று மாலையே அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரே பெரிய இடைவெளி இருந்தால்தானே கண்ணை உறுத்தும்? பத்துச் சுருளையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பசை தடவி ஒட்டச் சொன்னான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஒரு இடைவெளி ஒன்பது ஆகியிருந்தது. பூங்கா பச்சை வரிக்குதிரை மாதிரி படுத்திருந்தது. பசை கல்லாய் இறுகிவிட்டது.

"உமக்கு ஒரு ஓட்டை காணாதெண்டு ஒன்பது ஓட்டையோ?" என்றார் வரதராஜா.

சேஷாத்ரி அசரவில்லை. மணலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் புல். அதுவரை எல்லாம் சரி. ஆனால் அந்த வழியாகத்தான் மிஸஸ் ஹாப்கின்ஸ் தன் வெள்ளை நாயை உலாவ அழைத்து வருவாள். அது மணலைக் கண்டால் புரளும் ஜாதி. புரண்டது.

மிஸஸ் ஹாப்கின்ஸ் சாதாரண ஆளில்லை. நிஜப்புல் சங்கத்தின் தலைவி. பிளாஸ்டிக் புல்லை எதிர்த்து நாலாயிரம் கையெழுத்து வாங்கியவள். பச்சை நாயைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். வியாழக்கிழமை முதல் பக்கத்தில் நாய் சிரித்தது. கீழே: 'திறப்பு விழாவன்று சங்கம் முழுதும் வரும். இந்தப் போலிப் புல்லை எல்லோர் முன்னிலையிலும் பிடுங்கிக் காட்டுவேன்.'

மேயர் வரதராஜாவைக் கூப்பிட்டுக் கத்தினார். வரதராஜா சேஷாத்ரியைக் கூப்பிட்டுக் கத்தினார். சேஷாத்ரிக்குக் கத்த ஆளில்லை, வீட்டுக்குப் போனான்.

சோபாவில் சாய்ந்து கிடந்தபோதுதான் பொறி தட்டியது. கல்யாண வீட்டில் மண் கிண்ணத்தில் நவதானியம் தூவிப் பாலிகை தெளிப்பார்களே! நாலைந்து நாளில் தளதளவென்று முளைத்து நிற்காது? பாய்ந்து கடகடவென்று அடுக்களை அலமாரியைக் குடைந்தான். பெரிய டப்பா நிறைய வெந்தயம்.

"ஏன்னா, அதை எங்கே எடுத்துண்டு போறேள்?" என்று ஓடிவந்தாள் வைதேகி. "அது ஊறுகாய்க்குன்னு நான்..."

அவள் முடிப்பதற்குள் கார் தெருமுனை தாண்டிவிட்டது.

பெயின்ட் மணலை வழித்துப் போட்டுவிட்டு, ஒன்பது இடைவெளியிலும் வெந்தயத்தைத் தூவினான். வேலையைப் பார்க்க வந்த வரதராஜாவிடம் பெருமையோடு ஒரு பிடி நீட்டினான்.

"நாலே நாள் சார். பச்சைப் பசேல்னு நிக்கும்."

வரதராஜா ஒரு வெந்தயத்தை வாயில் போட்டார். நறுக்கென்று கடித்தார். சேஷாத்ரியை மேலும் கீழும் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் போனார்.

"மனுஷன் வாயடைச்சுப் போயிட்டார்" என்று வைதேகியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான் சேஷாத்ரி.

மூன்று நாள், ஒன்றுமில்லை. நாலாம் நாளும் மணல் மணலாகவே இருந்தது. அவன் குடிநீர்க் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தான். ஏரி இருந்திருந்தால் ஏரியே வற்றியிருக்கும். ஆறாம் நாள் காலை, ஐயா, ஒன்பது இடைவெளியிலும் பச்சை! அதோடு நின்றதா? பிளாஸ்டிக்கில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகள் வழியாகவும் எட்டிப் பார்த்தது. எது பிளாஸ்டிக், எது பயிர் என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. இலைதான் வெந்தயம் மாதிரி வட்டமாக இல்லை, ஊசி ஊசியாக இருந்தது. 'ஆஸ்திரேலிய மண் அப்படி. இங்கே வந்தால் வெந்தயமும் உடம்பு இளைக்கிறது' என்று தேற்றிக்கொண்டான்.

திறப்பு விழா. ஊரே திரண்டிருந்தது. மேயர் மேடையில் 'ஒருபோதும் வளராத புல்' என்ற பேச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸஸ் ஹாப்கின்ஸ் பாதிப் பச்சை நாயோடு நடுப் பூங்காவுக்கு வந்தாள். குனிந்தாள்.

"இதோ பாருங்கள், பிளாஸ்டிக்!" என்று பிடுங்கி உயர்த்தினாள்.

கையில் வேர் தொங்கியது. வேரில் மண். மண்ணில் ஒரு புழு, மேயரைப் பார்த்துத் தலையாட்டியது.

மிஸஸ் ஹாப்கின்ஸ் அழுதாள். நாலாயிரம் கையெழுத்துக்கும் சேர்த்து சேஷாத்ரியைக் கட்டிப்பிடித்தாள். மேயர் கையிலிருந்த பேச்சைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "மக்கள் நிஜப்புல் கேட்டார்கள், நாங்கள் கொடுத்தோம்!" என்று முழங்கினார். கைதட்டலில் ரயில் நிலையத்துப் புறாவெல்லாம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. நாய் மட்டும் ஆனந்தமாகப் புரண்டது. இந்த முறை ஒரு கறையும் படவில்லை.

அன்று மாலையே வரதராஜா காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது சொன்னது ஒன்றுதான்: "பிளாஸ்டிக் வளராது காணும். உமக்கு அதிர்ஷ்டம்."

அதிலிருந்துதான் டீ அறையில் இந்தத் தினசரி வழக்கு.

"மிஸஸ் ஹாப்கின்ஸ் ஒத்துண்டா. மேயர் ஒத்துண்டார். அந்த நாய்கூட ஒத்துண்டது" என்றான் சேஷாத்ரி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "நீங்க மட்டும் ஏன் சார் இப்படி?"

"வளரேல்ல எண்டா வளரேல்ல."

அப்போது ஸ்டோர் கீப்பர் கெவின் இரண்டு சீட்டுகளோடு உள்ளே வந்தான்.

"மிஸ்டர் வரதராஜா, பூங்காவுக்கு நீங்க கேட்ட புல்வெட்டி மெஷின் வந்துடுச்சு. இதுல ஒரு கையெழுத்து. அப்புறம், மார்ச் மாசம் எங்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே, ரெண்டு மூட்டை புல் விதை? அந்தக் காலிச் சாக்கை இன்னும் திருப்பித் தரலை."

சேஷாத்ரியின் பிஸ்கட் கோப்பைக்குள் முழுகியது.

வரதராஜா நிதானமாகப் பேனாவைத் திறந்து, இரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"ஓம் காணும், வளர்ந்தது உண்மைதான்" என்றார். "உம்மட வறுத்த வெந்தயத்தை நம்பி நான் சும்மா இருந்திருந்தால் வளர்ந்திருக்குமோ?"